அணை திறக்கும் நேரமும் ஆற்றில் இறங்கும் நேரமும்

கேள்வி: நாங்கள் திருவொற்றியூர், காசிமேடு பகுதிகளைச் சேர்ந்த ஐந்து நண்பர்கள். மூன்று ஆண்டுகளாக எண்ணூர் முகத்துவாரத்திலும் கரையோரக் கடலிலும் கயாக் ஓட்டி வருகிறோம். அடுத்ததாக, பாறைகளுக்கிடையே நுரைத்தோடும் ஆற்றில் ஓட்ட விரும்புகிறோம். கர்நாடகத்தின் தண்டேலி, மகாராஷ்டிரத்தின் கோலாட் போன்ற இடங்களில் அணையில் தண்ணீர் திறந்தால்தான் ஓட்ட முடியும் என்கிறார்கள். அந்த நேரத்தை எப்படி அறிவது, பயணத்தை எப்படித் திட்டமிடுவது? அவ்வளவு தூரம் போகாமல், பூண்டியில் உபரி நீர் திறக்கும்போது நம் கொசஸ்தலை ஆற்றிலேயே ஓட்டினால் என்ன?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்றவற்றுக்கான விளக்கமும் அதிலேயே தொடங்குகிறது. பூண்டி உபரி நீரில் கயாக் ஓட்டக் கூடாது. 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அது சென்னையின் குடிநீருக்காகச் சேமிக்கப்படும் தண்ணீர் என்பதால், தேவையில்லாமல் ஒரு கன அடியும் வெளியே விடமாட்டார்கள். அப்படியும் மதகைத் திறக்கிறார்கள் என்றால், புயல் மழையால் வரத்து மிகுந்து வேறு வழியில்லாமல் திறக்கிறார்கள் என்று பொருள். காலையில் ஆயிரம் கன அடியாக இருந்த திறப்பு மாலைக்குள் பல மடங்காகலாம், ஏனெனில் அதைத் தீர்மானிப்பது மேலே பெய்யும் மழை.

அந்தத் தண்ணீர் எண்ணூருக்கு வந்து சேரும் வழியையும் எண்ணிப் பாருங்கள். தாமரைப்பாக்கத்திலும் வல்லூரிலும் ஆற்றின் குறுக்கே அணைக்கட்டுகள் இருக்கின்றன. அவற்றின் மேலே வழிந்து விழும் நீர் அடியில் சுருண்டு மறுபடியும் சுவரை நோக்கியே திரும்புகிறது. அந்தச் சுருளில் அகப்பட்ட கயாக்கும் மனிதரும் வெளியேற முடியாமல் அதே இடத்தில் உருண்டுகொண்டிருப்பார்கள். உயிர்காப்பு மேலங்கி அணிந்திருந்தாலும் அங்கே பெரிய உதவியில்லை. கரையிலிருந்து பார்த்தால் இடுப்பளவு உயரத்தில் ஒரே சீராக வழிகிற நீர்தான் தெரியும், ஆபத்து இருப்பதாகவே தோன்றாது. இவை தவிர, நீரில் மூழ்கிய தரைப்பாலங்கள் இருக்கின்றன. நீரைப் போகவிட்டு ஆளை மட்டும் பிடித்துக்கொள்ளும் சீமைக்கருவேலப் புதர்கள் இருக்கின்றன. மணலியைத் தாண்டியதும் கழிவுகளும் சேர்ந்துகொள்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்ததை நீங்கள் நேரிலேயே கண்டிருப்பீர்கள். இத்தனைக்கும் அது சமதள ஆறு. நீங்கள் தேடும் நுரை அங்கே கிடைக்காது. அந்த நாளில் உங்களை மீட்க ஒரு படகு வந்தால், அது கரையோர வீட்டுக்காரர் ஒருவருக்குப் போயிருக்க வேண்டிய படகு.

ஆக, அணையிலிருந்து வரும் தண்ணீரில் கணக்குத் தண்ணீர், கணக்கை மீறிய தண்ணீர் என இரு வகை உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். மின்சாரத்துக்கோ பாசனத்துக்கோ இவ்வளவு நேரம், இவ்வளவு கன அடி என்று திறக்கப்படுவது முதல் வகை. கயாக் பயணத்தை அதை மட்டுமே நம்பித் திட்டமிட வேண்டும்.

சில நாடுகளில் துடுப்புக்காரர்களுக்கென்றே நாள் குறித்துத் தண்ணீர் விடுகிறார்கள். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் காலி (Gauley) என்ற ஆற்றின் மேலுள்ள சம்மர்ஸ்வில் ஏரியை, வெள்ள நீருக்கு இடம் வைப்பதற்காக ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் தாழ்த்த வேண்டியிருக்கிறது. அந்தத் தண்ணீரை வார இறுதிகளை ஒட்டிப் பிரித்து விட வேண்டும் என்று 1986-இல் சட்டமே இயற்றப்பட்டது. நம் நாட்டு அணைகளிடம் அப்படி எதிர்பார்க்க முடியாது. இங்கே தண்ணீர் வருவது வேறொரு காரணத்துக்காக. அந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டு அதன் பின்னால் நாம் போகிறோம், அவ்வளவுதான்.

தண்டேலியை எடுத்துக்கொள்வோம். அங்கே ஓடும் காளி ஆற்றை ஆட்டிவைப்பது 101 மீட்டர் உயரமுள்ள சூப்பா அணை. அணையடியில் தலா 50 மெகாவாட் திறனுள்ள இரண்டு எந்திரங்கள் இருக்கின்றன. அணைக்குக் கீழே உள்ள கணேஷ்குடியில் ராஃப்டிங் (காற்றடைத்த ரப்பர் படகில் குழுவாக ஆற்றில் இறங்குவது) நடக்குமா இல்லையா என்பதும், நடந்தால் ஆறு எந்த அளவில் இருக்கும் என்பதும், அந்த இரண்டில் எத்தனை ஓடுகின்றன என்பதைப் பெரிதும் பொறுத்தவை. இதைத் தோராயமாகக் கணக்கிடவும் முடியும். நீர் 80 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது என்று கொண்டால், 50 மெகாவாட் எடுக்க வினாடிக்கு ஏறக்குறைய 70 கன மீட்டர், அதாவது 2,500 கன அடி தேவைப்படும். அதே 50 மெகாவாட்டை 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் நீரில் எடுத்தால் 400 கன அடியே போதும். எனவே, ‘மின்நிலையம் முழுத் திறனில் ஓடுகிறது’ என்ற தகவலை மட்டும் வைத்துக்கொண்டு ஆறு பெருகியிருக்கும் என்று முடிவுகட்டாதீர்கள். எத்தனை கன அடி என்று கேளுங்கள்.

கோலாடில் நிலைமை சற்று வேறு. முல்ஷி ஏரியின் நீர், 1927-இலிருந்து இயங்கும் பீரா மின்நிலையத்துக்கு ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திலிருந்து குழாய்களில் இறங்கி, கீழே ஒரு குளத்தில் தேங்கி, அதன் பிறகே குண்டலிகா ஆற்றுக்கு விடப்படுகிறது. நடுவே ஒரு குளம் இருப்பதால், எந்திரம் ஓடும் நேரமும் ஆறு ஏறும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பொதுவாகக் காலையில் திறப்பார்கள், ராஃப்டிங் குழுக்களும் அதையொட்டியே இறங்கும். முதன்முறை செல்பவர்களுக்கு நான் இந்த ஆற்றையே பரிந்துரைப்பேன்.

இவை மின்சாரத்துக்கான தண்ணீர் என்பதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். மின்தேவை உயரும் காலையிலும் மாலையிலும்தான் நீர்மின் எந்திரங்களுக்கு வேலை அதிகம். வெயில் ஏறிய பின் சூரிய மின்சாரம் பெருகும்போது தேக்கநீரை மாலைக்கென்று மிச்சம் பிடிக்கவே நிர்வாகம் விரும்பும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெரிய பண்டிகை நாள்களிலும் ஆலைகள் நின்று தேவை குறையும். நமக்கோ விடுமுறை கிடைப்பது அதே நாள்களில்தான்! முடிந்தால் இரண்டு வேலைநாள்களாவது உங்கள் பயணத்துக்குள் அடங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இணையத்தில் யாரோ எப்போதோ எழுதிவைத்த ‘திறப்பு நேரம்’ பயன்படாது. அந்த ஆற்றில் அன்றாடம் இறங்கும் ராஃப்டிங் வழிகாட்டிகளை முந்தைய நாள் மாலையில் ஒருமுறையும் அன்று காலையில் ஒருமுறையும் அழைத்துக் கேட்பதே வழி.

இனி, பலரும் சறுக்கும் இடத்துக்கு வருகிறேன். திறப்பு நேரம் என்பது அணையடியில் தண்ணீர் கிளம்பும் நேரம், உங்கள் காலடிக்கு வந்து சேரும் நேரமன்று. ஓர் எடுத்துக்காட்டு: காலை 7 மணிக்குத் திறக்கிறார்கள், நீங்கள் இறங்கும் துறை அணைக்கு 12 கிலோமீட்டர் கீழே இருக்கிறது, நீர் ஏற்றம் மணிக்கு 6 கிலோமீட்டர் நகர்கிறது. அப்படியானால் 9 மணிக்குத்தான் உங்கள் துறையில் ஆறு ஏறத் தொடங்கும், முழு அளவை எட்ட மேலும் அரை மணி முதல் முக்கால் மணி ஆகும். முதல் நீரோடு இறங்காதீர்கள். படுகையில் கிடந்த கட்டைகளையும் குப்பைகளையும் அது வாரிக்கொண்டு வரும். வேகமாகத் துடுப்பு போட்டால் நீங்கள் தண்ணீரை முந்திப்போய், வறண்ட பாறைகளின் நடுவே அது வரும்வரை காத்திருக்கவும் நேரும். நான் ஒருமுறை அப்படி முந்திப்போய், கயாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு பாறை பாறையாக இறங்கியிருக்கிறேன். இரண்டு நாள் திறக்கப்படாமல் கிடந்த ஆறு அது. வறண்ட படுகையில் முதலில் மடுக்கள் நிரம்ப வேண்டும், அதன் பிறகே நீர் முன்னேறும் என்பதை மறந்து, நாள்தோறும் திறக்கும் ஆற்றின் கணக்கை அங்கே போட்டுவிட்டேன்.

நீர்மட்டத்தின் ஏற்றம், நீர் ஓடுவதைவிட விரைவாகவே கீழ்நோக்கிப் பயணிக்கும். பொதுவாக ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்வார்கள். வடிவதும் அப்படித்தான். மேற்சொன்ன எடுத்துக்காட்டில் 11 மணிக்கு மூடினால், உங்கள் துறையில் 1 மணிக்கு நீர் இறங்கத் தொடங்கும். நீங்கள் 9.45-க்கு இறங்கியிருந்தால் 10 கிலோமீட்டர் நீளப் பகுதியை நிறுத்தி நிதானித்துச் சென்றும் 1 மணிக்குள் முடித்துவிடலாம். சாப்பிட்டுவிட்டு 12.30-க்கு இறங்கினால் என்னவாகும்? ஓய்வு நிறுத்தங்களையும் சேர்த்து மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் போகும் உங்களை, 6 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வடிதல் 2 மணியளவில் பிடித்துவிடும். அப்போது நீங்கள் கடந்திருப்பது 6 கிலோமீட்டர். மிச்சமுள்ள 4 கிலோமீட்டரிலும் ஒவ்வொரு பாறையாகத் தலைதூக்கும். நீர் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று நினைக்க வேண்டாம். கால் சிக்கிக்கொள்ளும் இடுக்குகளும் கயாக் குறுக்கே மாட்டிக்கொள்ளும் பாறைகளும் அப்போதுதான் மிகுதி. எண்ணூர் முகத்துவாரத்தில் ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) பார்த்து நுழைந்து, வற்றுமுன் திரும்பும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறதல்லவா, அந்தக் கண்ணோடு இதையும் பாருங்கள். ஒரு வேறுபாடு உண்டு: ஓதத்தை நிலவு நடத்துகிறது, அது சொன்ன நேரத்துக்கு வரும், அணையின் மதகை நடத்துகிறவர் ஒரு தொலைபேசி அழைப்பில் திட்டத்தை மாற்றிவிடுவார்.

அந்த மாற்றம் எவ்வளவு கொடியதாகலாம் என்பதற்கு 2014 ஜூன் 8-ஆம் நாள் சான்று. இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றுப் படுகையில், லார்ஜி அணைக்குக் கீழே பாறைகளின்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஐதராபாத்தைச் சேர்ந்த பொறியியல் மாணவர்கள் 24 பேர், திடீரெனத் திறந்துவிடப்பட்ட நீரில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தனர். பெரிய தேக்கமுள்ள அணையில் மின் உற்பத்தியைக் குறைத்தால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். லார்ஜி போன்ற, தேக்க இடம் மிகக் குறைந்த அணையிலோ எந்திரத்துக்குப் போகாத நீர் மதகு வழியே ஆற்றுக்குத்தான் வந்தாக வேண்டும். அதனால் நீங்கள் போகும் அணை எந்த வகை என்று முன்கூட்டியே விசாரியுங்கள். அணைக்கும் மின்நிலையத்துக்கும் இடைப்பட்ட படுகை, நீர் சுரங்கத்தில் போய்விடுவதால் வறண்டு பாதுகாப்பாகத் தெரியும். அங்கே கூடாரம் அடிப்பதோ வண்டியை நிறுத்துவதோ வேண்டாம். எங்கே நின்றாலும் நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டு அவ்வப்போது அதைப் பாருங்கள். குச்சியின் அடி நனைந்தால், காரணம் தேடாமல் முதலில் மேலே ஏறுங்கள்.

கடலில் ஓட்டிய மூன்று ஆண்டு அனுபவம் உங்கள் தோளுக்கு உதவும், ஆனால் உங்கள் கயாக் உதவாது. கடலுக்கான நீளக் கயாக் பாறைகளுக்கிடையே திரும்பாது. ஆற்றுக்கு எட்டொன்பது அடி நீளமுள்ள குட்டைக் கயாக் வேண்டும். எனவே, எண்ணூரிலிருந்து எதையும் சுமந்து செல்லாமல் அங்கேயே வாடகைக்கு எடுங்கள். ஹெல்மெட், மீட்புக் கயிற்றுப் பை, விசில் ஆகியவை ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். கவிழ்ந்த கயாக்கை உள்ளிருந்தபடியே நிமிர்த்தும் ரோல் பயிற்சியை நீச்சல் குளத்தில் பழகி முடிக்காதவர், முதல் பயணத்தில் ராஃப்டில் ஏறிக்கொள்ளட்டும். சொல்லப்போனால், முதல் நாள் ஐவருமே வழிகாட்டியுடன் ராஃப்டில் ஒருமுறை இறங்கி ஆற்றைப் பார்த்துவிடுவது நல்லது. கணேஷ்குடிப் பகுதி காளி புலிகள் காப்பகத்தை ஒட்டியது. அனுமதி கேட்காமல் சொந்தமாகக் கயாக்கை இறக்காதீர்கள். தண்டேலி நகரை ஒட்டி ஆறு அமைதியாகும் இடங்களில் முதலைகள் இருப்பதால், ராஃப்டிங் முடியும் துறையைத் தாண்டிச் செல்லும் ஆசையும் வேண்டாம்.

காளியில் மழைக்காலம் ஓய்ந்த பிறகு மே வரை ஓட்டலாம். சென்ட்ரலில் ரயில் ஏறி ஹூப்ளியில் இறங்கினால், தண்டேலி சாலைவழியே ஏறக்குறைய 75 கிலோமீட்டர். கோலாடுக்கு மும்பை சென்று, அங்கிருந்து தெற்கே சாலையிலோ ரயிலிலோ போகலாம். இரண்டு நாள் ஓட்ட நினைத்தால் நான்கு நாள் தங்கும்படி திட்டமிட்டு, திரும்பும் ரயிலை அந்த நான்கு நாளும் முடிந்த பிறகான தேதிக்கே முன்பதிவு செய்யுங்கள். அன்று மாலையே ரயில் என்று இருப்பவர்கள்தான் 12.30-க்கு ஆற்றில் இறங்குகிறார்கள்.