தேவர் அனையர் (கடிதம்)

வணக்கம் ஐயா,

ஐம்பது வயதில் ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலை ஆங்கிலத்திலேயே படிக்கத் தொடங்கியிருக்கிறேன். ‘நல்ல சொத்துள்ள, மணமாகாத ஆணுக்கு ஒரு மனைவி தேவை என்பது உலகமே ஒப்புக்கொண்ட உண்மை’ என்பது முதல் வரி. இதில் நகைமுரண் இருக்கிறது என்கிறார்கள். எனக்கு வெறும் செய்தியாகத்தான் படுகிறது. பள்ளியில் எஸ்.வி.ஓ. (எழுவாய்-வினை-செயப்படுபொருள்), எஸ்.வி.சி. (எழுவாய்-வினை-நிரப்பி) என்று வாய்பாடாகப் படித்த ஆங்கிலம் இதற்குப் போதாதோ?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

தாராளமாகப் போதும். அந்த எஸ்.வி.சி.யை வைத்தே பாருங்கள். உங்கள் தமிழாக்கத்தில் மாப்பிள்ளை முதலில் வருகிறான், ‘உண்மை’ கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் தலைகீழ். ‘இட் இஸ் எ ட்ரூத்’ என்று தொடங்குகிறது. இந்த ‘இட்’டுக்குத் தனிப்பொருள் கிடையாது. பஸ்ஸில் இடம்பிடிக்கப் போட்ட துண்டு அது. உட்கார வேண்டிய எழுவாய் ‘தட்’டுக்குப் பிறகுதான் வருகிறது. உலகமே ஒப்புக்கொண்ட உண்மை என்றதும் புவியீர்ப்பு விதிபோல ஏதோ வரப்போகிறது என்று நிமிர்ந்து உட்கார்கிறோம். வந்து சேர்வது அக்கம்பக்கத்துக் கல்யாணப் பேச்சு! நகைமுரண் அந்த இறக்கத்தில் இருக்கிறது. தமிழின் சொல்லொழுங்கில் அது மறைந்துவிடுகிறது. குறை உங்களுடையது அல்ல.

அடுத்த வரியையும் சேர்த்துப் படியுங்கள். அப்படி ஒருவன் ஊருக்குப் புதிதாக வந்தால், அவன் மனத்தில் இருப்பது தெரியாமலேயே, சுற்றியுள்ள குடும்பங்கள் அவனைத் தங்கள் பெண்களில் ஒருத்தியின் சொத்தாக எண்ணிக்கொள்கின்றன. சொத்துள்ளவனே சொத்தாகிவிட்டான். உலகம் நாலு வீடாகச் சுருங்கிவிட்டது. கதாநாயகியின் குடும்பமான பென்னட் வீட்டில் ஐந்து பெண்கள். நிலமோ ஆண்வாரிசுக்குத்தான் போகும். அருகே குடிவரும் மணமாகாத இளைஞன் பிங்லிக்கு ஆண்டு வருமானம் நாலைந்தாயிரம் பவுண்டு. தேவை யாருக்கு? 1813இல் வெளிவந்த அந்த வரியில் சிரிப்பைவிட அந்தப் பெண்களின் கதியே எனக்கு அதிகம் கேட்கிறது.

இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. ‘தேவர் அனையர் கயவர்’ என்கிறார் வள்ளுவர். உரைநடையில் ‘கயவர் தேவர் அனையர்’ என்றிருக்கும். அவர் பயனிலையை முன்னால் வைத்துக் கயவரைத் தேவருக்குச் சமமாக ஏற்றிவிட்டு, ‘அவருந்தாம் மேவன செய்தொழுக லான்’ என்று காரணத்தைப் பிறகு சொல்கிறார்: இருவருமே மனம்போனபடி நடப்பவர்கள். வஞ்சப்புகழ்ச்சி. ஆஸ்டினின் வாக்கியத்தில் உள்ள அதே இறக்கம்.

முதல் அத்தியாயத்தை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். திருமதி பென்னட் தன் நரம்புகளைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ளும்போது, ‘அவை என் பழைய நண்பர்கள்’ என்கிறார் கணவர். அதுவும் எஸ்.வி.சி.தான். அதை எப்படிப் படித்தீர்கள் என்று எழுதுங்கள்.