முள்முருங்கை இலைகளில் முடிச்சு: மிளகுத் தோட்டத்திற்கான பதில்

வணக்கம் ஐயா. மிளகுக் கொடி ஏற்றியுள்ள முள்முருங்கைகளில் தளிரும் காம்பும் முடிச்சு முடிச்சாக வீங்கிச் சுருள்வதாகவும், இருமுறை பூச்சிமருந்து தெளித்தும் பயனில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இது நோயாக இராது; முள்முருங்கை சேர்ந்த எரித்ரைனா பேரினத்து மரங்களை மட்டுமே தாக்கும் முடிச்சுக் குளவியின் வேலையாகவே தெரிகிறது. ஒரு முடிச்சைப் பிளேடால் குறுக்கே அறுத்துப் பாருங்கள். சிறு அறைகளுக்குள் வெளிர்நிறப் புழுக்கள் இருக்கும். ஒன்றரை மில்லிமீட்டர் அளவேயுள்ள தாய்க்குளவி இளந்தளிரின் திசுவுக்குள்ளேயே முட்டையிடுவதால், மேலே தெளிக்கும் மருந்து புழுவை எட்டுவதில்லை.

2004-இல்தான் இந்தக் குளவிக்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. அடுத்த ஆண்டே ஹவாய்த் தீவுகளை அடைந்து, அங்குள்ள, அதே பேரினத்து விலிவிலி மரங்களைப் பேரழிவுக்கு உள்ளாக்கியது. 2008-இல் தான்சானியாவிலிருந்து கொண்டுவந்த, இதன் புழுக்களைத் தின்னும் எதிரிக் குளவியை விட்ட பிறகே அம்மரங்கள் ஓரளவு தேறின. ஆகவே தயவுசெய்து தாமதிக்காதீர்கள்.

வீங்கிய கிளைகளை வெட்டி, அன்றே எரித்துவிடுங்கள். வரப்பில் குவித்தால் குளவிகள் வெளியேறி அடுத்த மரத்துக்குப் போகும். தாக்குண்ட மரத்திலிருந்து போத்து (நடுவதற்கான கிளைத்துண்டு) எடுத்து நடவே கூடாது. பட்டுப்போன இடங்களில் கிளைரிசிடியா போத்துகளை ஊன்றலாம். இந்தக் குளவி அதைத் தொடாது. மரம் முழுவதும் ஊடுருவும் மருந்தை வேரில் ஊற்றச் சிலர் சொல்வார்கள். அதே மண்ணில் மிளகின் வேரும் இருப்பதாலும், வீட்டில் அடைக்கு இந்த இலையைப் பறிப்பீர்கள் என்பதாலும், நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.