மணற்குழிக்குள் இறக்க வேண்டாம்

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா கப்பல் பெட்டியில் ஒரு காஸ் தீச்சட்டி அனுப்பியிருக்கிறார். வட்டமான இரும்புச் சட்டி, உள்ளே எரிமலைக் கல், பக்கத்தில் ஒரு திருகி. சிலிண்டரை மாட்டினால் விறகில்லாமலே எரியுமாம். பெட்டியில் 58,000 பி.ரீ.யூ. என்று போட்டிருக்கிறது. ஆடி மாதம் அண்ணா குடும்பத்தோடு வரும்போது பாணமைக் கடற்கரையில் ஓர் இரவு கூடாரம் அடித்துத் தங்கிவிட்டு, மறுநாள் உகந்தை முருகன் கோயிலுக்குப் போவதாகத் திட்டம். சட்டியின் குழாய்த் தலை எங்கள் சிலிண்டருக்குப் பொருந்தவில்லை. தெரிந்த வெல்டிங் பாஸிடம் கொடுத்து மாற்றலாம், மணலில் குழி வெட்டி உள்ளே வைத்தால் காற்றுக்கு அணையாது என்கிறார் என் கணவர். 2021க்குப் பிறகு சிலிண்டர் என்றாலே நடுங்கும் மாமி, வேண்டவே வேண்டாம் என்கிறார். அப்பாவுக்குத் தொய்வு (ஆஸ்துமா), விறகுப் புகை ஆகாது. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, பாண்டிருப்பு

பதில்: அன்புத் தங்கச்சி,

மாமியின் பயத்தில் நியாயம் இருக்கிறது. அண்ணாவின் ஆசையிலும் பிழையில்லை. உங்கள் கணவரின் இரண்டு யோசனைகளைத்தான் நான் மறுக்கிறேன். அவற்றைக் கைவிட்டால் சட்டியைக் கொண்டுபோவதைப் பற்றிப் பேசலாம். கைவிட மாட்டேன் என்றால் அது வீட்டிலேயே இருக்கட்டும்.

முதலில் அந்தக் குழியைப் பற்றிச் சொல்கிறேன். விறகு மூட்டிப் பழகிய கை, காற்றைக் கண்டால் குழிதான் வெட்டும். விறகுக்கு அது சரி. காஸ் வேறு விதமானது. சிலிண்டர் காஸில் இருக்கும் புரோப்பேன் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பாரம். பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் புகைபோல மேலே எழும்பிக் கலைந்துவிடாது. தண்ணீரைப்போலப் பள்ளம் தேடிப் போய் அங்கேயே கிடக்கும். நீங்கள் வெட்டும் குழி அதற்குக் கிண்ணம் பிடித்த மாதிரி.

இதை நான் என் மூக்கால் அறிந்தவள். சில வருடங்களுக்கு முன் உன்னிச்சைக் குளத்துப் பக்கம் உறவினர்களோடு சமைத்துச் சாப்பிடப் போயிருந்தோம். சின்னக் காஸ் அடுப்பு ஒன்றைக் காற்றுக்கு மறைவாக ஒரு பள்ளத்தில்தான் வைத்திருந்தோம். கதை சுவாரசியத்தில் சுடர் அணைந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. நின்றுகொண்டிருந்த யாருக்கும் எந்த மணமும் தெரியவில்லை. கீழே விழுந்த அகப்பையை எடுக்க நான் குனிந்தேன். முழங்கால் உயரத்துக்கு வந்ததும் அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம் முகத்தில் அடித்தது. அந்த நேரம் மருமகன் லைட்டரை எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தான். அவனை நோக்கி நான் போட்ட சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. காஸுக்குத் தனக்கென்று மணம் கிடையாது. கசிவு தெரியட்டும் என்றுதான் அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். ஆனால் நாற்றமும் காஸோடு தாழவே கிடக்கும். நிமிர்ந்து நிற்பவருக்கு அது எட்டும் என்று நம்பியிருக்க முடியாது.

ஆகவே சட்டியைத் திறந்த சமதரையில், காய்ந்த புல் இல்லாத இடத்தில், ஆடாத ஒரு பலகைக் கல்லின் மேல் வையுங்கள். கச்சான் காற்று பலமாக அடிக்கும் மாலையில் மூட்டவே வேண்டாம். எரிந்துகொண்டிருக்கும்போது காற்று அணைத்துவிட்டால், முதலில் சிலிண்டரை மூடுங்கள். எல்லோரும் விலகிப் பத்து நிமிடம் இருந்துவிட்டுக் குனிந்து மணந்து பாருங்கள். அதற்குப் பிறகுதான் லைட்டர்.

இனி வெல்டிங் பாஸ். அவர் கைத்திறனில் எனக்குச் சந்தேகம் இல்லை. இது அவருடைய வேலை அல்ல, அவ்வளவுதான். சட்டியோடு வந்த ரெகுலேட்டர், அதன் எரிவாய்க்கு, அதாவது சுடர் வரும் வாய்க்கு, எவ்வளவு அழுத்தத்தில் காஸ் போக வேண்டும் என்று கணக்குப் பார்த்துப் பொருத்தியது. அதை வெட்டிவிட்டு வீட்டு ரெகுலேட்டரை வைத்துக் கட்டினால் குழாய் இணையும், அழுத்தம் இணையாது. இன்னொன்றும் உண்டு. கனடாவில் சிலிண்டருக்குள் இருப்பது பெரும்பாலும் புரோப்பேன் மட்டுமே. நம்முடைய சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. புரோப்பேனுக்கு அளந்த எரிவாயில் கலவையை விட்டால் சுடர் மஞ்சளாகிக் கரி கக்கலாம்.

மாமி 2021ஐ நினைப்பதும் இதனால்தான் சரி. அந்த வருடக் கடைசியில் நாடு முழுவதும் சமையலறைகளில் காஸ் வெடித்ததையும் அடுப்புகள் தீப்பிடித்ததையும் நாம் மறக்க முடியாது. ஆராய நியமித்த குழு, கலவையின் விகிதம் மாறியதைக் காரணமாகச் சொன்னது. புரோப்பேன் பங்கு கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தமும் கூடும். அந்தக் கூடுதலைப் பழைய குழாயும் தளர்ந்த கிளிப்பும் தாங்கவேண்டியிருக்கும். ரெகுலேட்டர் மாட்டிய வீட்டு அடுப்பே அந்தப் பாடுபட்டது. வெட்டி ஒட்டிய குழாயை மணலுக்குக் கொண்டுபோக எப்படிச் சம்மதிப்பேன்?

வழி இருக்கிறது. அண்ணா அங்கிருந்து வருவதற்கு முன்பே, பெட்டியில் உள்ள மாதிரி இலக்கத்தைச் சொல்லித் தயாரித்தவர்களிடமே எழுதிக் கேட்கட்டும்: பியூட்டேன் கலந்த காஸில் இதை எரிக்கலாமா, என்ன அழுத்தம் வேண்டும் என்று. எரிக்கலாம் என்று எழுத்தில் பதில் வந்தால், ஹோட்டல்களுக்குக் காஸ் இணைப்புச் செய்யும் ஒருவரைப் பிடித்து, அந்த அழுத்தத்துக்குரிய புது ரெகுலேட்டரும் புதுக் குழாயும் போடுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சவர்க்காரத் தண்ணீரைப் பூசிப் பாருங்கள். குமிழி எழும்பினால் கசிவு. இதை வீட்டு முற்றத்தில் ஒரு தடவையும், பாணமையில் இறக்கி வைத்த பிறகு மறுபடியும் செய்யுங்கள். வான் வண்டியில் குலுங்கி வந்த இணைப்பு, வீட்டில் பார்த்த இணைப்பு அல்ல. பயணத்தில் சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும். வான் கண்ணாடிகள் திறந்திருக்க வேண்டும்.

எரிக்கக்கூடாது என்று பதில் வந்தால், அத்தோடு விட்டுவிடுங்கள். ஆடி மாதத்தில் பாணமையில் யாருக்கும் குளிர்காயத் தேவையில்லை. இந்தச் சட்டி பிறந்தது வேறு தேவைக்கு. அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளில் வறண்ட காலம் வந்தால் விறகுத் தீயைத் தடை செய்வார்கள். திருகினால் அணையும் காஸ் நெருப்பை அங்கே பல இடங்களில் அனுமதிப்பார்கள். குளிரும் அங்கே உண்டு. நமக்கு வேண்டியது சுற்றியிருந்து பேச ஒரு வெளிச்சம். அதற்கு நல்ல லாந்தர் ஒன்று போதும்.

காஸ் எவ்வளவு போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 58,000 பி.ரீ.யூ. என்றால் வீட்டு அடுப்பின் ஐந்தாறு வாய்களை ஒரே நேரத்தில் முழுதாகத் திறந்த மாதிரி, மணிக்கு 1.2 கிலோ அளவில் காஸ் குடிக்கும். 5 கிலோ சிலிண்டர் கணக்குப்படி நாலு மணித்தியாலம். அந்த வேகத்தில் இழுத்தால் சிறிய சிலிண்டர் குளிர்ந்து, வெளியே வியர்த்து, சுடர் சோர்ந்துபோகும். அதைச் சூடாக்கலாம் என்று யாராவது நெருப்புக்குக் கிட்ட நகர்த்துவார்கள். அது நடக்கவே கூடாது. குழாய் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரத்தில் சிலிண்டர் இருக்கட்டும். சுடரைப் பாதியாகக் குறைத்து எரியுங்கள்.

அப்பாவைப் பொறுத்தவரை விறகைவிட இது நல்லதுதான், புகை மிகக் குறைவு. ஆனால் மழை தூறினாலும் சரி, கொசு கடித்தாலும் சரி, இதைக் கூடாரத்துக்குள்ளோ வானுக்குள்ளோ எரிக்கக் கூடாது. அடைத்த இடத்தில் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு சேரும்; அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்குபவர் எழும்ப மாட்டார்.

பிள்ளைகளுக்கு ஒன்று. தீப்பள்ளயத்தில் தீ மிதிப்பதைப் பார்த்து வளர்ந்த உங்களுக்குத் தணலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. தணல் தன் சூட்டைக் கண்ணுக்குக் காட்டிவிடும். இந்தச் சட்டியை அணைத்ததும் கல் கறுத்துவிடும், சூடு மட்டும் வெகுநேரம் நிற்கும். பிள்ளை கை வைப்பது அப்போதுதான். சுட்டுவிட்டால் பற்பசை, எண்ணெய் எதுவும் பூசாமல் 20 நிமிடம் சுத்தமான தண்ணீரை ஊற்றுங்கள். அதற்கென்று ஒரு கான் தண்ணீர் தனியே இருக்கட்டும். பெரிய காயம் என்றால் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். அழகுக்காக ஆற்றுக் கல்லோ முருகைக் கல்லோ பொறுக்கிச் சட்டிக்குள் போட விடாதீர்கள். ஈரம் உள்ளே இருந்தால் வெடித்துத் தெறிக்கும். மீன் சுடவும் இது தோதில்லை, கொழுப்பு எரிவாயை அடைத்துவிடும்.

உகந்தைக்குச் சட்டி வேண்டாம். அதை ஒட்டிய குமண தேசியப் பூங்காவுக்குள் தங்குவதென்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியோடு, அவர்கள் காட்டும் இடத்தில் மட்டும்தான். நெருப்பு இருந்தால் யானை வராது என்ற நம்பிக்கையில் அந்தப் பக்கம் எங்கும் படுக்காதீர்கள். சாப்பாட்டு மணம் யானையைக் கூப்பிடும். பாணமையிலும் படுக்கும் முன் வெளிச்சத்தை அணைத்துவிடுங்கள். கடலாமைக் குஞ்சுகள் மணலில் இருந்து வெளிவந்தால் கடலின் வெளிச்சத்தைத் தேடித்தான் ஓடும். கரையில் நாம் ஏற்றும் விளக்கு அவற்றை எதிர்ப்பக்கம் இழுத்துவிடும்.

கடைசியாக, மாமி. சிலிண்டருக்குப் பக்கத்துக் கதிரையை அவருக்குக் கொடுங்கள். வீட்டில் தினமும் அதைத் திறந்து மூடுகிறவர் அவர்தான். மற்றவர்கள் கதையில் மூழ்கினாலும் அவருடைய கண் சுடரை விட்டு விலகாது. அணைக்கும் நேரத்திலும் அவரே முதலில் சிலிண்டரை மூடட்டும். குழாயில் மிஞ்சிய காஸ் எரிந்து தீர்ந்த பிறகு அண்ணா சட்டியின் திருகியை மூடலாம்.