பரோட்டாவும் இருக்கட்டும், எடையும் இறங்கட்டும்: கேள்வி பதில்

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் பதினெட்டு வருடமாக உணவு ஆலோசகராக இருக்கிறேன். பிடித்ததை விடாமல் எடையைக் குறைப்பது பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

என்னிடம் வருகிறவர்களை முதல் நாளே எதையும் நிறுத்தச் சொல்வதில்லை. ஒரு வாரம் வாயில் போட்டதையெல்லாம் நோட்டில் எழுதச் சொல்வேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'ஆசையாச் சாப்பிட்டேன்' அல்லது 'சும்மா சாப்பிட்டேன்' என்று குறிக்க வேண்டும். அநேகமாக எல்லோர் நோட்டிலும் 'சும்மா'தான் அதிகம். நான் கை வைப்பது அந்தச் சும்மாவில் மட்டும்.

அக்கா, எனக்கு வயசு 38, உயரம் 156 செ.மீ., எடை 74 கிலோ. திருநெல்வேலி. சோறு இல்லாம எனக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. எல்லாரும் சப்பாத்திக்கு மாறச் சொல்றாங்க. சோத்தை விட்டாத்தான் குறையுமா?

விட வேண்டாம் தங்கச்சி. ஒரு கப் சாதம், சுமார் 150 கிராம், 200 கலோரி. எண்ணெய் விட்டுச் சுட்ட இரண்டு சப்பாத்தியும் ஏறக்குறைய அவ்வளவுதான், கொஞ்சம் கூடவே வரும். சப்பாத்திக்கு மாறி இளைத்தவர்கள் எண்ணிச் சாப்பிட்டதால் இளைத்தார்கள். சோற்றை நாம் எண்ணுவதில்லை. குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று மூன்று முறை போட்டுக்கொள்கிறோம். ரசத்துக்குப் போடும்போது குழம்புச் சோறு கணக்கில் இருந்தே போய்விடுகிறது.

நாளைக்கு மதியம் இப்படிச் செய்து பாருங்கள். ஒன்றரைக் கப் சோற்றைத் தட்டில் ஒரே தடவையாகப் போட்டு, கரண்டியால் மூன்று பங்காகப் பிரித்துவிடுங்கள். குழம்பு, ரசம், மோர் மூன்றும் உண்டு. மீதிச் சோற்றுப் பாத்திரம் அடுப்படியிலேயே இருக்கட்டும். சோற்றில் கை வைப்பதற்கு முன்னால் பொரியலோ கூட்டோ ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டுவிடுங்கள். பயறு, முட்டை, மீன் இதில் ஏதாவது ஒன்று தட்டில் இருக்க வேண்டும். அது இல்லாத நாளில் நாலு மணிக்கே பசிக்கும், கை பிஸ்கட் டப்பாவுக்குப் போகும்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி சாப்பாட்டுக்குத் தானியம் 250 கிராம், காயும் கீரையும் 400 கிராம் என்று இருக்கிறது. நம் வீடுகளில் இது அப்படியே தலைகீழ். இன்று ஹைதராபாத்தில் இருக்கும் அந்த நிறுவனம் 1918-ல் நம் குன்னூரில்தான், பெரிபெரி நோயை ஆராயும் சின்ன ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது. தீட்டிய அரிசியை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்கு வந்த நோய் அது. சோறு அன்றைக்கும் குற்றவாளி இல்லை, தட்டில் சோறு மட்டுமே இருந்ததுதான் குறை.

உங்களுக்கு முதல் இலக்கு 70 கிலோ. ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேடம், பொரிச்சது எதுவும் தொடுறதில்லை. ஸ்வீட்டும் இல்லை. வீட்டுச் சாப்பாடு மட்டும்தான். அப்படியும் இறங்கலை.

உங்கள் வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள்? இதை நான் எல்லோரிடமும் கேட்பேன், யாருக்கும் சட்டென்று பதில் தெரியாது. எனக்கும் ஒரு காலத்தில் தெரியாது.

சில வருடம் முன்பு என் வீட்டில் ஒரு மாதம் அளந்தேன். நாலு பேருக்கு ஐந்து லிட்டர் கேன் ஒன்று, முப்பது நாளில் காலி. ஆளுக்கு ஒரு நாளைக்கு 38 கிராம். அந்த வழிகாட்டி சொல்வது 27 கிராம். நாங்களும் அந்த மாதம் அப்பளம் தவிர எதுவும் பொரிக்கவில்லை. தாளிப்பிலும், பொரியல் அடிபிடிக்காமல் இருக்க இன்னும் கொஞ்சம் என்று ஊற்றியதிலும், தோசையைச் சுற்றி விட்டதிலும் போயிருக்கிறது. எண்ணெய் ஒரு கிராமுக்கு 9 கலோரி. சாப்பாட்டு மேசைக்கரண்டி ஒன்றில் 120 கலோரி. அரைக் கப் சோற்றைவிட அதிகம், ஆனால் வயிற்றில் இடமே பிடிக்காது.

அதற்குப் பிறகு கேனிலிருந்து நேராக ஊற்றுவதை நிறுத்தினேன். ஒரு வாரத்துக்கு உரியதைச் சின்ன பாட்டிலில் ஊற்றி வைத்து, அதில் டீஸ்பூனால்தான் எடுப்பேன். தோசைக்கு என் அம்மா செய்தது போல வெங்காயத்தைப் பாதியாக நறுக்கி, காம்புப் பக்கம் ஃபோர்க்கில் குத்தி, எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்க்கிறேன். கல்லும் பழகும், தோசையும் முறுகலாக வரும், வெங்காய வாசனை வேறு. மாதம் மூன்றரை லிட்டருக்கு வந்துவிட்டோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 100 கலோரி குறைந்தது. ருசி குறைந்ததாக வீட்டில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. செக்கு எண்ணெய் என்றாலும் கலோரி ஒன்றுதான், அதையும் அளந்தே ஊற்றுங்கள்.

அக்கா, சனிக்கிழமை ராத்திரி ஃப்ரெண்ட்ஸோட நாலு பரோட்டா, சால்னா, ஒரு ஆம்லெட். இதை மட்டும் விடச் சொல்லாதீங்க. வயசு 29, எடை 91.

சொல்லமாட்டேன் தம்பி. கல்லில் இருந்து எடுத்த பரோட்டாவை நாலைந்தாக அடுக்கி, இரண்டு கையாலும் தட்டி உதிர்க்கும் அந்தச் சத்தம் கேட்டால் எனக்கும் வாய் ஊறும். ஆனால் மாவைப் பிசையும்போது எண்ணெய், உருண்டையை ஊறப்போட எண்ணெய், வீசும்போது எண்ணெய், கல்லில் எண்ணெய். ஒரு பரோட்டா 250 முதல் 300 கலோரி வரை போகும். நாலு சாப்பிட்டால் 1000-க்குக் குறையாது.

உட்கார்ந்ததும் முதலில் ஆம்லெட்டைச் சொல்லுங்கள், ஒன்றுக்கு இரண்டாக. அதைச் சாப்பிட்டு முடித்த பிறகு பரோட்டா இரண்டு. பிய்த்துப் போட்டு சால்னாவில் மூழ்கடிக்காமல், தொட்டுச் சாப்பிடுங்கள். ஒரு பரோட்டா ஒரு குட்டைச் சால்னாவைக் குடித்துவிடும், அதன் மேலே மிதப்பதும் எண்ணெய்தான். மூன்றாவது வேண்டும் போல இருந்தால் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். அப்போதும் பசித்தால் சாப்பிடுங்கள், தப்பில்லை. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா என்றால் ஒன்றோடு நிறுத்துங்கள், அது பொரித்தது.

ராத்திரி பரோட்டா இருக்கிறதே என்று மதியம் பட்டினி கிடக்காதீர்கள். பசியோடு கடைக்குப் போனவர் இரண்டோடு எழுந்து நான் பார்த்ததில்லை.

ஆஃபீஸ்ல ஒரு நாளைக்கு அஞ்சு காபி. ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. இதனால கூடவா எடை போடும்?

போடும். பாலும் சர்க்கரையும் சேர்ந்து ஒரு டம்ளர் 100 கலோரியைத் தொடும். சர்க்கரை மட்டும் ஒரு நாளைக்கு 50 கிராம் ஆகிறது, சொல்லப்பட்ட அளவோ 25 கிராம்தான். அந்த ஐந்தில் எது உங்களுக்கு நிஜமாகவே பிடித்தது? காலையில் வீட்டு டிகாஷனில் நுரை பொங்கக் குடிப்பதும், நாலு மணிக் காபியும்தான் என்று நினைக்கிறேன். அந்த இரண்டும் அப்படியே இருக்கட்டும். மற்ற மூன்றும் யாரோ கூப்பிட்டதால் எழுந்து போனவை. கூடப் போங்கள், சுக்குக் காபியோ சர்க்கரை இல்லாத டீயோ குடியுங்கள். நாட்டுச்சர்க்கரைக்கு மாறினால் போதுமா என்று இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை. பத்து நாளுக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்தால் நாக்கு தானாகப் பழகும்.

அரிசியை விட்டு முழுசா சிறுதானியத்துக்கு மாறிட்டேன். ரெண்டு மாசமா ஒரு கிலோகூட குறையலை.

100 கிராம் பச்சரிசியில் சுமார் 355 கலோரி, கம்பில் 350, கேழ்வரகில் 320. நார்ச்சத்து அதிகம், கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் உண்டு, பசி தாங்கும். நல்ல உணவுதான். ஆனால் 'உடம்புக்கு நல்லது' என்று நாலு கம்பு தோசை சாப்பிட்டால் அதுவும் நாலு தோசைதான்.

அக்கா, எனக்கு 24 வயசு. ரெண்டு மாசத்துல கல்யாணம். 10 கிலோ குறைக்கணும்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லிட்டாங்க. ராத்திரி சாப்பாட்டை நிறுத்திட்டேன், காலையில ஜூஸ் மட்டும். ரெண்டு வாரத்துல 3 கிலோ போயிடுச்சு. ஆனா எந்திரிச்சா தலை சுத்துது.

கண்ணம்மா, இன்று ராத்திரியே சாப்பிடு. இந்தப் பதிலை உன் அம்மாவிடமும் காட்டு.

போன மூன்று கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு சேமித்து வைத்த மாவுச்சத்து கரையும்போது அதோடு சேர்ந்து தண்ணீரும் போகும். கொஞ்சம் தசையும் போயிருக்கும். இப்படிப் பட்டினி கிடந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டும். கல்யாணம் முடிந்து புது வீட்டில் இருக்கும்போது சீப்பு நிறைய வரும் முடியைப் பார்த்து அழுத பெண்களை நான் பார்த்திருக்கிறேன். வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் பித்தப்பையில் கல் வரும் வாய்ப்பும் கூடும். தலைசுற்றலுக்கு டாக்டரைப் பார்த்து ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைச் சோதித்துக்கொள்.

காலையில் இட்லி மூன்று, சாம்பார் நிறைய, ஒரு முட்டை. மதியம் அளவான சோறு, காய். சாயங்காலம் சுண்டல். ராத்திரி இரண்டு தோசை. அரை மணி நேரம் நட. இரண்டு மாதத்தில் மூன்று, நாலு கிலோ இறங்கும், முகம் வாடாது. ரவிக்கையை இரண்டு வாரம் முன்னால் தைக்கக் கொடுத்தால் போதும். 10 கிலோ என்று சொன்னவர்களிடம், இவ்வளவுதான் உடம்புக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதாக அப்பாவோ அம்மாவோ பேசட்டும். அதை நீ தனியாகச் சுமக்கக் கூடாது.

அப்பாவுக்கு 61 வயசு, சுகர் மாத்திரை போடுறார். உங்க முறைப்படி அவரும் சாப்பாட்டைக் குறைக்கலாமா?

மாத்திரை தரும் டாக்டரிடம் சொல்லாமல் வேண்டாம். கிளிமெப்பிரைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை ரொம்பத் தாழ்ந்து மயக்கம் வரலாம். மருந்தின் அளவையும் சாப்பாட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். காயைக் கூட்டுவதற்கும், அவருடைய டாக்டர் சரியென்றால் சாப்பிட்டபின் பதினைந்து நிமிடம் நடப்பதற்கும் தடையில்லை.

தைராய்டு இருக்கு. எனக்கெல்லாம் குறையவே குறையாதுன்னு சொல்றாங்க.

குறையும். தைராய்டு குறைவால் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் நிறைய உப்பும் நீரும். மாத்திரையை வெறும் வயிற்றில் தவறாமல் போட்டு அளவு சரியாக இருந்தால், மற்றவர்களைப் போலவே உங்களுக்கும் இறங்கும்.

மூணு மாசத்துல 5 கிலோ குறைஞ்சேன். இப்போ ஒரு மாசமா அப்படியே நிக்குது. மனசே விட்டுப்போச்சு.

மனசு விடாதீர்கள். எடை குறைந்த உடம்புக்கு எரிபொருளும் குறைவாகவே வேண்டும். 80 கிலோவைச் சுமந்து நடந்தபோது செலவான அளவு 75 கிலோவில் செலவாகாது. இன்னொன்று, மூன்றாவது மாதத்தில் கை தளரும். பழைய கரண்டி திரும்ப வந்திருக்கும். ஒரு வாரம் மட்டும் மறுபடி நோட்டு எழுதுங்கள், எங்கே கூடியது என்று தெரிந்துவிடும். எதுவும் கூடவில்லை என்றால் நடையைப் பதினைந்து நிமிடம் நீட்டுங்கள், வாரம் இரண்டு நாள் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து எழும் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இறங்கிய 5 கிலோ ஏறாமல் நிற்பதையும் உங்கள் உழைப்பாகவே நான் பார்க்கிறேன்.

பசங்க தட்டுல மிச்சம் வைக்கிறதை கீழே கொட்ட மனசு வரலை. நானே சாப்பிட்டுடுவேன்.

இதை எழுதிய அம்மாவுக்கு என் அன்பு. நோட்டில் யாருமே எழுதாத வரி இது. அரை இட்லி, இரண்டு வாய் நெய்ச்சோறு, கடித்த பிஸ்கட் என்று நாளுக்கு ஒரு சின்னச் சாப்பாடே ஆகிவிடும். முதலில் பாதி போடுங்கள், கேட்டால் இன்னும் போடலாம். குழந்தை சாப்பிட்டு முடித்த பிறகு உட்காராமல், அதோடு சேர்ந்தே உங்கள் தட்டையும் வைத்துச் சாப்பிடுங்கள். உங்கள் வயிறு நிறைந்திருந்தால் மிச்சத்தின் மேல் கை போகாது.

தீபாவளிக்கு மாமியார் அதிரசமும் முறுக்கும் டின் டினாச் சுடுவாங்க. வேண்டாம்னா வருத்தப்படுவாங்க.

வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அன்றைக்குச் சுட்டதும் சூடாக, அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு அதிரசம் சாப்பிடுங்கள். எடை போடுவது தீபாவளி நாளில் இல்லை, அதற்குப் பிந்தைய பதினைந்து நாளில், டின் பக்கமாகப் போகும்போதெல்லாம் எடுக்கும் அந்த ஒற்றை முறுக்கில். முறுக்கு, மிக்சர் எல்லாம் 100 கிராமுக்கு 500 கலோரி அளவில் இருக்கும். டின்னைப் பரண் மேல் ஏற்றிவிட்டு, ஒரு நாளைக்கு உரியதை மட்டும் சின்னத் தட்டில் எடுத்து வையுங்கள். பக்கத்து வீட்டுக்கும் ஒரு பை கொடுத்தனுப்புங்கள், அத்தையும் மகிழ்வார்.

வாரத்துக்கு எத்தனை தடவை எடை பார்க்கணும்? ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்டா திங்கள்கிழமை ஒரு கிலோ ஏறிடுது.

அது உப்பு பிடித்து வைத்த தண்ணீரும், வயிற்றில் இருக்கும் சாப்பாடும். ஒரு கிலோ கொழுப்பு ஏற சுமார் 7700 கலோரி கூடுதலாகச் சாப்பிட வேண்டும், ஒரு பிரியாணியில் அது நடக்காது. வியாழக்கிழமை காலை, பாத்ரூம் போய்விட்டு வந்து, எதுவும் குடிக்கும் முன் ஒரு தடவை பாருங்கள். மாதம் ஒரு முறை தொப்புள் உயரத்தில் இஞ்ச் டேப் வைத்து இடுப்பையும் அளந்து காலண்டரில் குறித்து வையுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டாமல் இருப்பது நல்லது. தையல்காரரிடம் இருக்கும் துணி டேப் போதும்.