சுட்டவர் மட்டும்தான் வீரரா?

போன மாதம் ராணுவத்தைப் பற்றி நிறைய கேள்விகள் வந்திருந்தன. ஒன்றோடொன்று தொடர்புள்ள நான்கை மட்டும் இந்த வாரம் எடுத்துக்கொள்கிறேன்.

கே: என் மகன் ராணுவத்தில் சப்ளை பிரிவில் லாரி ஓட்டுகிறான். சொந்தக்காரர்களே "அவன் என்ன சண்டையா போட்டான், டிரைவர் வேலைதானே" என்கிறார்கள். துப்பாக்கி எடுத்துச் சுட்டவர் மட்டும்தான் வீரரா? (ஒரு தாய், வேலூர் மாவட்டம்)

ப: அப்படிச் சொல்கிறவர்கள் லடாக்கில் ராணுவ லாரி எந்த மாதிரி ரோட்டில் போகிறது என்று தெரியாமல் பேசுகிறார்கள், அம்மா. 1999 கார்கில் போரில் ஸ்ரீநகர்–லே சாலையின் ஒரு பகுதி, மலையுச்சியில் இருந்த எதிரியின் கண்ணுக்கு நேராக இருந்தது. அங்கிருந்து பார்த்துப் பார்த்து இலக்கைச் சொல்லி பீரங்கியால் அடித்தார்கள். மேலே சண்டை போடுகிறவர்களுக்கு அரிசியும் குண்டும் போய்ச் சேர வேண்டுமே, அதனால் ராத்திரியில் ஹெட்லைட்டை அணைத்துவிட்டு அந்த ரோட்டில் லாரி ஓட்டினார்கள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் அதலபாதாளம். அந்த ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் ஒரு தோட்டாகூடச் சுட்டிருக்க மாட்டார்.

சியாச்சின் பனிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1984 முதல் நம் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள், குண்டு பட்டு இறந்தவர்களைவிடக் குளிரிலும் பனிச்சரிவிலும் இறந்தவர்கள்தான் அதிகம். 2016 பிப்ரவரி 3 அன்று சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் முகாமின்மேல் பனிச்சுவர் சரிந்தது. உள்ளே இருந்த பத்துப் பேரும் 19வது மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்தவர்கள், அதில் நான்கு பேர் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். பாறை மாதிரி இறுகிப்போன பனியை வெட்டிக்கொண்டே போனார்கள், மோப்ப நாய்களும் கூடவே தேடின. ஆறாவது நாள், 25 அடிக்கு மேல் ஆழத்தில், லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு கிடைத்தார். டெல்லி மருத்துவமனையில் பிப்ரவரி 11 அன்று அவரும் போய்விட்டார். அந்தப் பத்துப் பேரும் அன்றைக்கு யாரையும் சுடவில்லை, தங்களை அனுப்பிய இடத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான். இவர்களை வீரர்கள் இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

கே: பரம்வீர் சக்ரா மாதிரி விருது வாங்கினால்தான் ஹீரோ என்று வைத்துக்கொள்ளலாமா? (கல்லூரி மாணவர், திருச்சி)

ப: விருது வேண்டும், அது சும்மா கிடைப்பதும் இல்லை. ஆனால் அதை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள். விருது கிடைக்க, செய்த காரியத்தைப் பார்த்த ஆள் ஒருவராவது உயிரோடு திரும்பி வர வேண்டும், அப்புறம் மேலதிகாரி எழுதி அனுப்ப வேண்டும். பார்த்தவர்களும் அங்கேயே விழுந்துவிட்டால் அந்தக் கதை அந்த மலையோடு போச்சு.

அதே கார்கில் போரில், டைகர் ஹில் என்ற மலையில் சண்டை போட்ட 18 கிரெனேடியர்ஸ் படையின் யோகேந்திர சிங் யாதவுக்கு அப்போது வயது 19. உடம்பெல்லாம் குண்டுக்காயம், கூட வந்தவர்கள் செத்துக் கிடக்கிறார்கள். எதிரிகள் அடுத்து எங்கே தாக்கப் போகிறார்கள் என்று பேசிக்கொண்டது காதில் விழ, எப்படியோ கீழே இறங்கி வந்து தன் ஆட்களை எச்சரித்தார். பரம்வீர் சக்ரா முதலில் அவர் இறந்துவிட்டதாக நினைத்துத்தான் அறிவிக்கப்பட்டது, அதே பெயர் கொண்ட இன்னொரு வீரர் இறந்திருந்ததால் வந்த குழப்பம். இவரோ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அவர் சுட்டதைவிட, அந்த நிலைமையில் கீழே வந்து தகவல் சொன்னதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். வராமல் இருந்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது.

உங்கள் ஊர் மேஜர் சரவணனும் அப்படித்தான். அதே போரில் படாலிக் பகுதியில் அடிபட்ட பிறகும் பின்வாங்க மறுத்தவர். அவர் உடலை மீட்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வீர் சக்ரா கொடுத்தார்கள். திருச்சியில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது, பக்கத்தில் போனால் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.

கே: மேலே இருப்பவர் சொன்னதை மறுபேச்சில்லாமல் செய்வதுதானே சிப்பாய்க்கு அழகு? அதுதானே வீரம்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை)

ப: கட்டுப்பாடு இல்லாத படை படையே இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம் 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டமே, கீழ்ப்படியாவிட்டால் குற்றம் என்று சொல்லும் இடத்தில் 'சட்டபூர்வமான உத்தரவு' என்றுதான் எழுதியிருக்கிறது. எந்த உத்தரவும் அல்ல.

இதற்கு நான் எப்போதும் நினைத்துக்கொள்வது ஒரு அமெரிக்கரை. பெயர் ஹ்யூ தாம்ப்சன், ஹெலிகாப்டர் பைலட், வயது 24. 1968 மார்ச் 16, வியட்நாமில் மை லாய் கிராமம். மேலே பறந்துகொண்டிருந்தவருக்கு முதலில் எதுவும் புரியவில்லை. கீழே எதிரிகளே இல்லை, ஆனால் வாய்க்கால் நிறைய பெண்கள், குழந்தைகள், கிழவர்கள் பிணமாகக் கிடக்கிறார்கள். காயம்பட்ட ஊர்க்காரர்களுக்கு உதவி வரட்டும் என்று பச்சைப் புகை போட்டு அடையாளம் காட்டினார், திரும்பி வந்து பார்த்தால் அவர்களும் செத்துக் கிடந்தார்கள். சுடுவது தன் சொந்த நாட்டுப் படை என்று அப்போதுதான் உறைத்தது.

ஒரு பதுங்குகுழியில் ஒளிந்திருந்த ஊர்க்காரர்களை நோக்கி அமெரிக்கச் சிப்பாய்கள் போவதைப் பார்த்ததும், இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஹெலிகாப்டரைக் கொண்டுபோய் இறக்கினார். "இவர்கள் அந்த ஜனங்களைச் சுட்டால் நீங்கள் இவர்களைச் சுடுங்கள்" என்று தன் கூட இருந்த கோல்பர்ன், ஆண்ட்ரியோட்டா இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டு, தான் மட்டும் இறங்கிப் போய் அந்த ஜனங்களை வெளியே கூட்டி வந்தார். இன்னொரு ஹெலிகாப்டரை வரவழைத்து அவர்களை ஏற்றி அனுப்பினார். அப்புறம் ஆண்ட்ரியோட்டா அந்த வாய்க்காலுக்குள் இறங்கி, பிணங்களுக்கு நடுவே உயிரோடு இருந்த ஒரு குழந்தையைத் தூக்கி வந்தார். தாம்ப்சன் முகாமுக்குத் திரும்பி மேலதிகாரிகளிடம் கோபமாகப் புகார் சொன்ன பிறகு, சுடுவதை நிறுத்தச் சொல்லி உத்தரவு போனது. வியட்நாம் கணக்குப்படி அன்று செத்தவர்கள் 504 பேர்.

ஊருக்குத் திரும்பியவருக்கு என்ன கிடைத்தது தெரியுமா? துரோகி என்ற பட்டம், கொலை மிரட்டல். விசாரணையில் சாட்சி சொன்னதற்காக ஒரு அமெரிக்க எம்.பி., தண்டிக்க வேண்டிய ஆள் இவர்தான் என்றார். இதற்கெல்லாம் முன்பே, நடந்ததை மறைத்துப் பொய்யான விவரம் எழுதி ஒரு பதக்கம் கொடுத்திருந்தார்கள், அதைத் தூக்கி எறிந்துவிட்டார். உண்மையைச் சொல்லி விருது கொடுக்க 30 வருஷம் பிடித்தது, 1998இல்தான் கொடுத்தார்கள். ஆண்ட்ரியோட்டா அதைப் பார்க்கவில்லை, மை லாய்க்குப் பிறகு மூன்றே வாரத்தில் போரில் இறந்துவிட்டார்.

எதிரியின் குண்டுக்கு முன்னால் நிற்க, கூட இருக்கிறவர்களின் தெம்பு துணைக்கு வரும். கூட இருக்கிறவர்களுக்கு எதிராகவே நிற்க எதுவும் துணைக்கு வராது. சீருடைக்குள் இருந்த ஒரு மனுஷன், யாரென்றே தெரியாத, தன் மொழிகூடப் பேசாத ஜனங்களுக்காக அப்படி நின்றான் என்றால் அதற்கு மேல் வீரம் எனக்குத் தெரியவில்லை, ஐயா.

கே: அப்போ யூனிஃபார்ம் போட்ட எல்லோரையும் ஹீரோ என்று சொல்வது தப்பா? நம்மால் அவர்களுக்கு என்ன செய்ய முடியும்? (இல்லத்தரசி, கோவில்பட்டி)

ப: மரியாதை எல்லோருக்கும் உண்டு. ஹீரோ என்ற பெயரை, செய்யாமல் இருக்க வழி இருந்தும் இன்னொரு உயிருக்காக இறங்கிச் செய்தவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மை லாயில் சுட்டவர்களும் அதே யூனிஃபார்ம்தான் போட்டிருந்தார்கள்.

உங்களால் முடிந்தது நிறைய இருக்கிறது. டிசம்பர் 7 கொடிநாள், அன்று பள்ளியிலோ ஆபீஸிலோ உண்டியல் வந்தால் சில்லறையைத் தேடாமல் நோட்டாகப் போடுங்கள், அந்தப் பணம் முன்னாள் படைவீரர்கள் குடும்பங்களுக்குப் போகிறது. உங்கள் தெருவில் ராணுவத்தில் இருந்தவரின் மனைவி யாராவது பென்ஷன் பேப்பரை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் இருந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குக் கூட்டிப் போங்கள். கணவரின் டிஸ்சார்ஜ் புத்தகம், ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள்.