அடக்குமுறை ஆட்சியில் போராட்டத்தையும் சுவரெழுத்தையும் படம் எடுப்பவர் எதைக் கவனிக்க வேண்டும்?

கிருஷ்ணகிரியில் இருபது வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். ஊரில் போராட்டம் என்றாலும் கேமராவோடு போய்விடுவேன். நீங்கள் கேட்பது நம்மூர் நிலைமையைப் பற்றி அல்ல என்று தெரியும். ஆனாலும் எனக்குப் புத்தி வந்தது இங்கேதான் என்பதால், அதையே முதலில் சொல்கிறேன்.

ஒரு மாங்காய் சீசனில் பெங்களூரா ரக மாங்காயின் விலை ஒரேயடியாக விழுந்தது. விவசாயிகள் டிராக்டரில் கொண்டுவந்து ரோட்டில் கொட்டினார்கள். கூட்டத்தில், மாம்பழக்கூழ் கம்பெனிக்குத் தினக்கூலியாகப் போகும் ஒரு அக்காவும் நின்றார். அவருக்கும் அரை ஏக்கர் தோப்பு உண்டு. மாங்காயைத் தூக்கிப் பிடித்து அவர் கோஷம் போட்ட நொடியை எடுத்து, அன்று ராத்திரியே ஃபேஸ்புக்கில் போட்டேன். மறுநாள் காலையில் அவரைக் கம்பெனி வேனில் ஏற்றவில்லை. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. படத்தை அழித்தேன். அதற்குள் அது பல வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்விட்டிருந்தது.

கோர்ட்டுக்குப் போக வழி இருக்கிற ஊரிலேயே இப்படி. அந்த வழியும் இல்லாத நாட்டில் உங்கள் படத்தை முதலில் உட்கார்ந்து பார்ப்பது உளவுத்துறைதான். அதனால் முகத்தை எடுக்காதீர்கள். பின்னாலிருந்து எடுங்கள், தட்டிகளை எடுங்கள், உயர்ந்த கைகளை எடுங்கள். பச்சை குத்தியதும், செருப்பும், சட்டை டிசைனும் கூட ஆளைக் காட்டிக்கொடுக்கும். முகம் விழுந்துவிட்டால் மங்கலாக்கினால் மட்டும் போதாது, சில வகை மங்கலைத் திரும்பப் பிரித்தெடுக்க முடிகிறது. முழுக் கறுப்பு வைத்து மூடுங்கள். மூல ஃபைலை போனில் வைத்திருக்காதீர்கள். லொகேஷனை அணைத்துவிடுங்கள், போனைக் கைரேகையில் திறப்பதையும் நிறுத்திவிடுங்கள்.

உங்கள் உயிரும் கணக்கில் உண்டு. மியான்மரில் 2021 டிசம்பர் 10 அன்று மக்கள் கடையடைத்து வீட்டுக்குள் இருந்து மௌனப் போராட்டம் நடத்தினார்கள். யாங்கூனில் அதைப் படமெடுக்கப் போன சோ நைங் பிடிபட்டார், நான்கு நாளில் காவலிலேயே இறந்தார். கூட்டமும் கல்வீச்சும் இல்லாத ஒரு நாளைப் படமெடுத்ததற்கே அது. வங்கதேசத்தின் ஷாஹிதுல் ஆலம் உலகம் அறிந்த புகைப்படக்காரர். 2018 ஆகஸ்டில் மாணவர் போராட்டம் பற்றி டிவிக்குப் பேட்டி கொடுத்ததற்காக அவரை நூறு நாளுக்கு மேல் சிறையில் வைத்தார்கள். பெயர் பெற்றவர் என்பதால் உலகமே குரல் கொடுத்தது. நமக்கு யார் கொடுப்பார்கள் என்று யோசித்துவிட்டுக் கிளம்புங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

சுவரில் முகம் கிடையாது, அதனால் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். சிரியாவின் தரா ஊரில் 2011இல் பள்ளிப் பையன்கள் சுவரில் 'அடுத்து உன் முறை, டாக்டர்' என்று எழுதினார்கள். அப்போது அதிபராக இருந்த அசாத் கண் மருத்துவம் படித்தவர். பையன்களைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள், ஊரே தெருவுக்கு வந்தது. ஒரு சுவரெழுத்தை அரசு அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளும்.

நம்மூர் சுவர் ஓவியர்கள் வஜ்ரம் என்ற பசையைக் காய்ச்சி வண்ணப்பொடி கலந்து எழுதிய காலத்தில், மேலே பூசிய சுண்ணாம்பு மழையில் கரைந்து பழைய கட்சியின் சின்னம் எட்டிப்பார்க்கும். சின்ன வயதில் நான் அதை நின்று பார்ப்பேன். இப்போது சுவரைப் படமெடுக்கும்போதெல்லாம் அந்த நினைவு வரும். எழுத்து மட்டும் அல்ல, அதை அழித்த பூச்சும் சாட்சிதான். எகிப்தின் கெய்ரோவில் தஹ்ரீர் சதுக்கத்தை ஒட்டிய முகமது மஹ்மூத் தெரு ஓவியங்களை 2012 செப்டம்பரில் அதிகாரிகள் வெள்ளையடித்தார்கள். கலைஞர்கள் உடனே திரும்பி வந்து அந்த வெள்ளையின் மேலேயே வரைந்தார்கள். ஆகவே எழுத்தைப் பார்த்த அன்றே எடுங்கள், நாளைக்கு இருக்காது. பக்கத்துக் கடை, கம்பம், தெரு வளைவு எல்லாம் சேர்ந்து விழட்டும், இல்லாவிட்டால் எந்த ஊர்ச் சுவர் என்று பிறகு நிரூபிக்க முடியாது. அழித்த பிறகு அதே இடத்தில் நின்று இன்னொன்று எடுங்கள்.

எழுதுகிற ஆளின் கை, வாளி, சைக்கிள் எதுவும் படத்தில் வரக்கூடாது. எழுதியது யார் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், அந்தப் பெயரை எங்கேயும் குறித்து வைக்காதீர்கள்.