நகரியில் உள்வீட்டு ஆன்டெனா எடுக்குமா?

கேள்வி: ஆந்திராவின் நகரியில் தறி ஓட்டும் எங்கள் அப்பாவுக்கு கேபிள் காசு கட்டிக் கட்டி அலுத்துவிட்டது. 'ஜன்னலில் ஒட்டினால் போதும், 4கே, 200 சேனல் இலவசம்' என்று கடைக்காரர் ஒரு ஆன்டெனாவுக்கு 1,800 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். காசைத் தறிக்குழியில் போட்டாலாவது தேடி எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வகை ஆன்டெனா ஒன்றைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே மெல்லிய செம்புத் தகடு, ஒயரில் தீப்பெட்டி அளவில் ஒரு பூஸ்டர், அதில் பச்சை விளக்கு. விளக்கு எரிகிறது, அதனால் வேலை செய்கிறது என்று நம்பிவிடுகிறோம். வராத சிக்னலை எந்தப் பூஸ்டரும் வரவழைக்காது. இரைச்சலைத்தான் பெரிதாக்கும். 4கே என்பதும் அட்டைப்பெட்டியில் மட்டும்தான்.

தூர்தர்ஷன் 2016-இல் சென்னை உட்பட 16 நகரங்களில் டிவிபி-டி2 என்ற தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதில் ஐந்து சேனல், எல்லாமே அரசுச் சேனல். 200 எங்கிருந்து வரும்? தூர்தர்ஷன் கோபுரம் இருக்கும் சென்னை சேப்பாக்கத்திலிருந்து நகரி நேர்கோட்டிலேயே சுமார் 80 கிலோமீட்டர், சுற்றிலும் மலை. அந்தக் காலத்தில் மாடியில் அலுமினிய ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி, புள்ளி புள்ளியாகவாவது மெட்ராஸைப் பார்த்தோம். டிஜிட்டலில் அந்தப் புள்ளியும் கிடையாது. சிக்னல் கொஞ்சம் குறைந்தால் திரை நின்றுவிடும். பழைய அனலாக் நிலையங்களையும் 2021-22-இல் ஏறத்தாழ முழுக்க மூடிவிட்டார்கள். மூடியவர்கள் அடுத்து என்ன செய்வது என்று கிராமத்தில் யாருக்காவது சொன்னார்களா? அந்த இடத்தில்தான் கடைக்காரர் புகுந்துகொள்கிறார்.

ஒரே ஒரு விலக்கு. சென்னையில், கோபுரத்துக்குப் பக்கமாக, திருவல்லிக்கேணி மாதிரி இடத்தில் உங்கள் உறவினர் யாராவது இருந்தால் அவர்களுக்கு இது உதவலாம். அப்போதும் டிவிக்குள் டி2 ட்யூனர் இருக்க வேண்டும். பெட்டியில் 'டிஜிட்டல்' என்று அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள். மெனுவில் ஆன்டெனா தேடலுக்குள் டிவிபி-டி2 இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இல்லையென்றால் தனிப் பெட்டி வேண்டும். ஜன்னல் கோபுரத்தைப் பார்த்திருக்க வேண்டும், இரும்பு கிரில் குறுக்கே வரக்கூடாது. இவ்வளவுக்கும் பிறகு கிடைப்பது அந்த ஐந்து சேனல்தான்.

அப்பாவுக்கு டிடி ஃப்ரீ டிஷ் வையுங்கள். ஒருமுறை சுமார் 2,000 ரூபாய், மாதச் சந்தா இல்லை. இதற்கு சிக்னல் தரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் உங்கள் ஊருக்குத் தென்கிழக்கே வானில் 67 டிகிரி உயரத்தில் நிற்கிறது, அதனால் மலை மறைக்காது. தென்னை மட்டை மறைக்கும், மாடியில் இடம் பார்த்து வையுங்கள். எம்பெக்-4 பாக்ஸாகக் கேளுங்கள், பழைய எம்பெக்-2 பாக்ஸைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். டிடி தமிழ், தெலுங்குச் சேனலான டிடி சப்தகிரி இரண்டும் வரும். கட்டணச் சேனல் எதுவும் வராது, அதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டிஷ் மாட்ட வருகிறவர் 'வருஷா வருஷம் ரீசார்ஜ்' என்று பேச்செடுத்தால், ஏணியில் ஏறவிடாமல் அப்படியே திருப்பி அனுப்புங்கள்.